ஸ்கூல் பஸ் எஞ்சினும் பசிபிக் கடலும்

பானட் மூடவில்லை.

வெர்லின் முதலில் உள்ளங்கையால் அழுத்தினான். பிறகு முழங்கையால். பிறகு ஏறி உட்கார்ந்தான். அது பாதி இறங்கி, போதும் என்று நின்றுகொண்டது. டெல்மரும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் முழுக்கப் படிந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அடைகாக்கும் கோழிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். இறங்கியதும் அது மறுபடி வாயைப் பிளந்தது.

"இப்படியே போயிடலாம்டா," என்றான் டெல்மர். "நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உக்காந்துக்கலாம். ஆர்டிஸ் ஓட்டட்டும்."

வெர்லின் சிரிக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை காலையில் அவன் மனைவி ஆர்டிஸ் வேறு வண்டியில் போய்விடுவாள்.

பானட்டுக்கு அடியில் இருந்தது ஒரு ஸ்கூல் பஸ்ஸின் டீசல் எஞ்சின். பஸ் துருப்பிடித்துச் செத்துப்போன பிறகும் எஞ்சினுக்குச் சாக மனம் வரவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டியவன் டெல்மர்தான். எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிவிடும் குளிரிலும் அது ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை என்று அவன் சொல்வான். சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிடுவான்.

வெர்லினின் பிக்கப் வண்டிக்கு அதன் சொந்தப் பெட்ரோல் எஞ்சினே போதுமானதாகத்தான் இருந்தது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ட்ரெய்லர் வீட்டை அவன் வாங்கும்வரை. வாங்கிய அன்றே அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான். இதை இழுத்துக்கொண்டு ராக்கி மலை ஏறினால் பெட்ரோல் எஞ்சின் நாக்கைத் தள்ளிவிடும் என்று முடிவுகட்டினான். அவர்கள் ஊரான ஆர்ன்டாலில் எல்லா ஆண்களும் வாழ்க்கையில் ஒருமுறையாவது பழைய பிக்கப்பில் டீசல் எஞ்சின் மாற்ற ஆரம்பிப்பார்கள். முடித்தவர்கள் யார் என்று கேட்டால்தான் யாருக்கும் சட்டென்று ஒரு பெயர் வாயில் வராது.

மலை ஏற வேண்டிய காரணம் ஆர்டிஸ். அவள் கடலைப் பார்த்ததில்லை. வடக்கு டகோட்டாவில் பிறந்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் அணை ஏரிதான். அதற்கு அக்கரை தெரியும். அக்கரை தெரியாத தண்ணீரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கல்யாணத்தன்று கேக் வெட்டும்போது சொன்னாள். அதற்கென்ன, அடுத்த கோடையில் போகலாம் என்றான் வெர்லின். அந்த அடுத்த கோடை இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய தங்கை கிளெனிஸ் வந்தாள். தேவாலயத்துப் பெண்கள் சேர்ந்து பஸ் பிடித்து ஓரிகன் கடற்கரைக்குப் போகிறார்களாம். ஒருத்திக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் ஓர் இருக்கை காலியாம். கிளெனிஸ் இதை வெர்லினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் வண்டியோடு மல்லுக்கட்டும் அந்த ஷெட்டைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமை காலையில பஸ் கிளம்புது. உன் வண்டி கிளம்பினா உன்கூட வரேன். கிளம்பலேன்னா கிளெனிஸ்கூட போறேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் வெர்லினைக் கலக்கியது. கோபப்பட்டால் பேசிச் சமாளிக்கலாம். இத்தனை வருஷமும் அவள் கோபப்பட்டதில்லை. எந்த உதிரிப் பாகம் வேண்டும் என்றாலும் முகம் சுளிக்காமல் வரவழைத்துக் கொடுத்தாள். முட்டை விற்ற காசு என்பாள். கோழிகள் என்னவோ நாலுதான். ஆனால் ஒரு மனைவியின் அன்பைக் கோழி எண்ணிப் பார்ப்பவன் இல்லை வெர்லின். ட்ரெய்லர் வீட்டின் சாவியையும் அவளே வைத்திருந்தாள். கடலுக்குப் போகிற நாள்வரை அவன் அதன் கதவைத் தொடக்கூடாது, கிட்டேகூடப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது காதலாகப் பட்டது.

ஆக, கடலை அவளுக்குக் காட்டப்போவது அவனா, இல்லை பஸ் டிரைவரா என்பது இப்போது ஒரு பானட்டின் கையில் இருந்தது.

"எஞ்சினை இறக்க முடியாது," என்றான் டெல்மர். "அப்போ உடம்பை ஏத்து."

ஐஸ் ஹாக்கி ஆடுகிற ரப்பர் வில்லைகளை அவன் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தான். அந்த ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. எந்த வீட்டுச் சோபாவைத் தூக்கினாலும் அடியில் இரண்டு கிடக்கும். வண்டியின் உடம்பை ஜாக்கி வைத்துத் தூக்கி, உடம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வில்லைகளை அடுக்கி, நீள போல்ட் போட்டு முறுக்கினார்கள். பானட் மெத்தென்று மூடியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வெர்லின் உள்ளே ஏறி உட்கார்ந்தான். கியர் கம்பியைக் காணோம்.

உடம்பு மேலே போய்விட்டது. கியர் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. தரையில் இருந்த ஓட்டைக்குள் அதன் தலை மட்டும் கிணற்றுத் தவளை மாதிரி தெரிந்தது. இரண்டாவது கியர் போட வேண்டுமானால் தோள்வரை தரைக்குள் கையை விட வேண்டும். ஓட்டுகிறவன் அந்த நேரத்தில் ரோட்டைப் பார்ப்பது கடினம்.

இதற்கும் ஹாக்கியே கைகொடுத்தது. ஒரு ஹாக்கி மட்டையை அறுத்துக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். இப்போது கியர் வெர்லினின் மோவாய்வரை வந்தது. முன்னே போகும் கியர்கள் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. ரிவர்ஸ் போடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இடது முழங்காலைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

"கடலுக்குப் போறப்ப ரிவர்ஸ் எதுக்குடா?" என்றான் டெல்மர்.

அடுத்து ஜாக்கியை இறக்கினார்கள். வண்டியின் மூக்கு தொப்பென்று இறங்கித் தரையை முகர்ந்தது. பழைய எஞ்சினைப்போல இரண்டு மடங்கு கனம் இதற்கு. வாளியில் தலையைவிட்ட மாடு மாதிரி வண்டி நின்றது. வெர்லின் தான் வேலை பார்க்கும் தானியக் கிடங்குக்கு ஓடி, ஒரு செத்துப்போன கோதுமை லாரியின் முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வந்து மாட்டினான். அவை மூட்டை மூட்டையாகக் கோதுமை சுமந்து பழகியவை. ஓர் எஞ்சின் அவற்றுக்கு எம்மாத்திரம்? மூக்கு இப்போது கூரையைப் பார்த்தது. உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக ஷெட்டின் உத்தரம் மட்டும் தெரிந்தது.

அதனால் பின்பக்கத்துக்கும் லாரிப் பட்டைகளையே போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வண்டி நேராக நின்றது. கம்பீரமாக, அலங்கரித்த யானை மாதிரி. ஏறுவதற்கு நாற்காலி தேவைப்பட்டது, அவ்வளவுதான். பழைய சைலன்சருக்கு அடியில் இடமில்லாமல் போகவே, டிராக்டருக்கு இருப்பதுபோல ஒரு புகைக்குழாயை முதுகில் நட்டார்கள்.

ஆர்டிஸ் காபியோடு வந்தாள். வண்டியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு திரும்பி ஷெட்டின் கதவைப் பார்த்தாள். மறுபடி வண்டியைப் பார்த்தாள்.

"அழகா இருக்கு," என்றாள். "வெளிய எப்படி வரும்?"

காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

இரண்டு ஆண்களும் கதவைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தார்கள். அதற்கு ஒரு மேல்விளிம்பு இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

புகைக்குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். போதவில்லை. டயர்களில் காற்றைப் பாதி இறக்கினார்கள். அப்படியும் வண்டியின் கூரை கதவைவிட ஒரு கை உயரம் அதிகமாக நின்றது. பனிக்காலத்துக்கு வைத்திருந்த மணல் மூட்டைகளைப் பின்பக்கம் ஏற்றினார்கள். லாரிப் பட்டைகளுக்கு அது கொசு உட்கார்ந்த மாதிரிகூட இல்லை.

"கனமா வேற என்ன இருக்கு நம்ம ஊர்ல?" என்று வெர்லின் யோசித்தான்.

டெல்மர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெள்ளிக்கிழமை காலை அவன் திரும்பி வந்தபோது, காபிக் கடையில் பகடை உருட்டிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். பெரிய மனிதர்கள் என்றால் நிஜமாகவே பெரிய மனிதர்கள். பரம்பரை பரம்பரையாக வெண்ணெயும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைத்த உடம்புகள். எதற்கு வரச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஒவ்வொருவராகப் பின்பக்கம் ஏறினார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. கடைசியாக ஏறியவர் பன்றிப் பண்ணைக்காரர் ஹார்லன். அவர் உட்கார்ந்ததும் கூரை கதவுக்குக் கீழே வந்துவிட்டது.

"யாரும் இறங்கக் கூடாது," என்றான் வெர்லின். "தும்மறதா இருந்தா இப்பவே தும்மிடுங்க."

சாவியைத் திருப்பினான். செல்ஃப் அடித்தது. எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்தது. இன்னொரு கனைப்பு. பிறகு ஷெட்டில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் எல்லாம் ஆணியிலிருந்து குதித்து ஆட ஆரம்பித்தன. எஞ்சின் ஓடியது. கரும்புகை எழும்பியது. பின்பக்கம் இருந்த பெரிய மனிதர்கள் புகைக்குள் மறைந்தார்கள். வெர்லினின் கண்ணில் தண்ணீர் வந்தது. அது புகையால் மட்டும் அல்ல.

முதல் கியரைப் போட்டான். வண்டி கதவுக்குள் குனிந்து, கூரை பெயின்டைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வெளியே வந்தது. வரும்போது கீழே கிடந்த புகைக்குழாய் மேல் ஏறி அதை அப்பளமாக்கிவிட்டு வந்தது. வெயில் கண்ணில் அடித்தது. வெர்லின் பிரேக்கை மிதித்தான்.

பிரேக் கல்லு மாதிரி இருந்தது.

பெட்ரோல் எஞ்சின் மூச்சை இழுக்கும்போது உண்டாகிற உறிஞ்சலில்தான் அந்த பிரேக்குக்குத் தெம்பு. டீசல் எஞ்சினிடம் அந்த உறிஞ்சல் கிடையாது. இதைக் கடையில் உட்கார்ந்து யாராவது கேட்டிருந்தால் வெர்லினே அழகாக விளக்கியிருப்பான். இப்போது இரண்டு காலையும் பிரேக் மேல் வைத்து எழுந்து நின்றான். தலைதான் கூரையில் இடித்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கப் பார்த்தான். எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாவியை உருவி எடுத்தான். சாவி கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சாவிக்கு டீசல் நிக்காதுடா," என்று புகைக்குள்ளிருந்து டெல்மரின் குரல் வந்தது. "தீனியை நிறுத்தினாத்தான் நிக்கும். பஸ்ஸுல அதுக்குன்னு தனியா ஒரு பிடி இருந்துச்சு."

"அதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீ எப்படிக் கிளப்பறதுன்னுதானே கேட்ட."

வண்டி புல்தரையைத் தாண்டியது. அவரைக்கொடிப் பந்தலைத் தாண்டியது. ஆர்டிஸ் துணி உலர்த்தியிருந்த கொடியை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனது. ஈரப் போர்வைகளும் எண்ணெய்க்கறை படிந்த ஒரு வேலை அங்கியும் கண்ணாடி மேல் வந்து படிந்தன. அந்த அங்கிக்குள் இரண்டு வெர்லின் புகலாம். வேறு நேரமாக இருந்தால் அதைப் பற்றி யோசித்திருப்பான். பக்கத்து வயலில் உருட்டி வைத்திருந்த வைக்கோல் சுருள் ஒன்றில் மோதி, அதை இன்னொன்றில் மோதவிட்டு, மூன்றாவதில் வண்டி மூச்சடைத்து நின்றது.

சத்தம் அடங்கியது. பின்பக்கத்திலிருந்து வைக்கோல் மூடிய உருவங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஹார்லன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, நல்லாத்தான் இழுக்குது என்று ஒப்புக்கொண்டார். பிறகு எல்லோரும் காபிக் கடைக்குத் திரும்பிப் போனார்கள்.

மிச்சமிருந்த வெள்ளிக்கிழமை முழுவதும் இருவரும் ஓடினார்கள். பழைய பஸ்ஸிலிருந்து பிரேக்குக்கான பம்பை டெல்மர் தேடிக் கொண்டுவந்து பொருத்தினான். அறுந்த கொடிக்கயிற்றை எஞ்சினின் தீனிக் குழாய் மூடும் நெம்புகோலில் கட்டி, டாஷ்போர்டில் துளை போட்டு உள்ளே இழுத்து, நுனியில் ஒரு மரக்குமிழ் வைத்தார்கள். இழுத்தால் எஞ்சின் அணையும். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்கள், இரண்டு தரமும் அணைந்தது. சோதனை ஓட்டத்துக்கென்று டாங்கியில் கொஞ்சம் டீசல் ஊற்றினார்கள். புகைக்குழாய்க்கு மட்டும் மருந்து இல்லை. அது இல்லாமலே போகலாம், சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்றான் டெல்மர். அவன் பேசியது வெர்லினுக்குக் கேட்கவில்லை. காலையிலிருந்தே காதில் வண்டு பறந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஆர்டிஸ் தேவாலயத்துச் சமையலறைக்குப் போய்விட்டாள். பஸ்ஸுக்குச் சாண்ட்விச் கட்ட வேண்டுமாம். வெர்லின் காத்திருந்தது அதற்குத்தான். அவளுக்கு அதிசயம் காட்ட வேண்டும். டெல்மரின் டிராக்டரைக் கொண்டுவந்து, மரவரிசைக்குப் பின்னால் நின்ற ட்ரெய்லர் வீட்டை மெதுவாக இழுத்துவந்து, பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டினார்கள். கிட்டே போகக்கூடாது என்ற கட்டளை நினைவுக்கு வந்தது. ஆனால் கடலுக்குப் போகிற நாள் இதுதானே.

"டேய், இதுல கரண்ட் வயர் சொருகியிருக்கு," என்றான் டெல்மர்.

எலி வராமல் இருக்க ஆர்டிஸ் உள்ளே விளக்குப் போட்டு வைத்திருப்பாள் என்று வெர்லின் விளக்கினான். அவள் அப்படித்தான், எல்லாவற்றிலும் கவனம். வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார்கள்.

கிளெனிஸின் கார் ரோட்டில் வந்து நின்றது. ஆர்டிஸ் பெட்டி எடுக்க இறங்கி வந்தாள். வெர்லின் வாசலிலேயே அவளை மடக்கினான். சட்டையில் ஒரே ஒரு கறைதான் இருந்தது, அதுவும் முதுகில்.

"கண்ணை மூடு," என்றான்.

"வெர்லின், கிளெனிஸ் நிக்கறா."

"அஞ்சு நிமிஷம். கிளம்பலேன்னா நானே உன் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் பஸ்ஸுல வைக்கறேன்."

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். குழந்தை கொண்டுவந்து காட்டும் கிறுக்கலைப் பார்க்கும் முகம் அது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், நாற்காலி மேல் ஏற்றி, இருக்கையில் உட்காரவைத்து, பெட்டியை மடியில் வைத்தான். சுற்றி வந்து தானும் ஏறினான்.

"இப்பத் திற."

கண்ணைத் திறந்தாள். மோவாய்க்கு நேரே நின்ற ஹாக்கி மட்டையைப் பார்த்தாள். புன்னகைத்தாள். கதவின் கைப்பிடியில் ஒரு கை இருந்தது, இறங்கத் தயாராக.

வெர்லின் சாவியைத் திருப்பினான். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

ஆர்டிஸின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வியப்பை அவன் கண்டதில்லை. அந்த ஒரு முகத்துக்காகவே இன்னும் நாலு எஞ்சின் மாற்றலாம் என்று தோன்றியது. வண்டி நகர்ந்தது. பின்னால் கொக்கி கிணுகிணுத்தது. அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ட்ரெய்லர் வீடு ஆடி அசைந்து பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஆர்டிஸ் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். சைலன்சர் இல்லாத ஸ்கூல் பஸ் எஞ்சின் காலடியில் முழங்கிக்கொண்டிருந்தது. வெர்லினுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேவையும் இல்லை, புரிந்தது. "நானும்தான்," என்று கத்தினான்.

அவள் இன்னும் பெரிதாகச் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் கையைக் காட்டினாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஆமாம், சமர்த்தாகப் பின்னாலேயே வருகிறது.

தேவாலயத்தைத் தாண்டினார்கள். பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சாண்ட்விச்சும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லின் ஹாரனை அடித்தான். அது இந்தச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. காபிக் கடை வாசலில் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று தொப்பியைத் தூக்கினார்கள். ஆர்டிஸ் அவர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள்.

ஊரைத் தாண்டியதும் அவள் மரக்குமிழைப் பிடித்து இழுத்தாள். எஞ்சின் நிற்கவில்லை. கயிறு முழுசாக உருவிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. நெம்புகோல் முனையில் முடிச்சு எப்போதோ கழன்றிருந்தது. வெர்லின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷம் தாங்காதவர்கள் கையில் கிடைத்ததை இழுக்கத்தான் செய்வார்கள். அணைப்பதற்கு வழியில்லை என்பதும் ஒருவகையில் நல்லதுதான். வழியில் நிறுத்தினால் மறுபடி கிளம்பும் என்று யார் கண்டார்கள்?

எஞ்சின் ஸ்கூல் பஸ் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்றது. பிள்ளைகளை ஏற்றிப் பழகிய எஞ்சின், பாவம். மருந்து தெளிக்கும் டிராக்டர் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு தேவாலயத்து பஸ் தாண்டிப் போனது. கடைசி ஜன்னலில் கிளெனிஸின் முகம் ஒட்டியிருந்தது. முதன்முறையாக அந்த முகத்தில் ஷெட்டைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை.

ஆர்டிஸ் அவன் தோளைத் தட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூக்கம். பின்னால் காட்டினாள். வெர்லினுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆமாம், இன்றைக்கு ராத்திரி அதில்தான் தூங்கப்போகிறோம் என்று தலையாட்டினான். அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். இரண்டு கையையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரித்துக் காட்டினாள். பிறகு தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். மிகப் பெரியது.

"அதைவிடப் பெரிசு," என்று வெர்லின் கத்தினான். "அக்கரையே தெரியாது."

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். பிறகு பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க, மடியில் கிடந்த கயிற்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கல்யாணத்தன்று கேக் வெட்டும்போது சிரித்த சிரிப்பு. வெர்லினும் சிரித்தான். ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மாநில எல்லைப் பலகையைத் தாண்டி மான்டானாவுக்குள் நுழைந்தபோது, இந்த வண்டிக்காகப் பட்ட பாடெல்லாம் தகும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் நம்பினாள். ஊரே சிரித்தபோதும் ஒருத்தி நம்பினாள். அதனால்தான் கோபப்படாமல் இருந்தாள், கேட்ட பாகத்தையெல்லாம் வாங்கிக் கொடுத்தாள், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

முதலில் வந்த ஊரின் டீசல் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினான். பம்ப்புக்குப் பக்கத்தில் வந்ததும் டாங்கியில் இருந்த கடைசிச் சொட்டும் தீர்ந்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுத் தானாகவே நின்றது. தீனி நின்றால் நிற்கும் என்று டெல்மர் சொன்னது சரிதான்.

திடீரென்று உலகம் அமைதியாகிவிட்டது. எங்கோ ஒரு பறவை கூவியது.

"இப்பச் சொல்லு," என்றான் வெர்லின்.

ஆர்டிஸ் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு, அவ்வளவு உயரத்திலிருந்து குதித்து இறங்கி, பின்னால் ஓடினாள். ட்ரெய்லர் வீட்டின் கதவைப் படபடவென்று தட்டினாள்.

சாவி அவளிடம் இருக்கும்போது எதற்குத் தட்டுகிறாள் என்று வெர்லின் நினைத்தான்.

கதவு உள்ளிருந்து திறந்தது.

கதவின் நிலையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு தாடிக்கார இளைஞன் நின்றான். உடம்பில் போர்வை, காலில் உறை. எண்ணெய்க் கிணற்றில் ராத்திரி முழுக்கத் துரப்பண எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கே வரும் தூக்கம் கண்ணில் இருந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பங்க்கைப் பார்த்தான், தூரத்துக் குன்றுகளைப் பார்த்தான், ஆர்டிஸைப் பார்த்தான். கடைசியாக, கையில் வீல் ஸ்பானரோடு வந்து நின்ற வெர்லினைப் பார்த்தான். நல்ல வளர்ப்பு. போர்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான்.

"சார், நீங்கதான் வெர்லினா?" என்றான் மரியாதையாக. "உங்க வண்டி எந்தக் காலத்திலயும் கிளம்பாதுன்னு சத்தியம் பண்ணித்தானே சார், மேடம் எனக்கு இந்த வீட்டை வாடகைக்கு விட்டாங்க?"